தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தவர்கள் கணக்குக் கேட்கிறார்கள்

ஒரு வாசிப்புக் கூட்டத்தில் கனடாவின் உறைவிடப் பள்ளிகளைப் பற்றிப் பேசினேன். பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிடுங்கி அடைத்து வைத்த பள்ளிகள் அவை. அங்கிருந்து உயிரோடு திரும்பியவர்கள் எழுதிய புத்தகங்கள் சிலவற்றையும் எடுத்துப் போயிருந்தேன். பேசி முடித்ததும் ஒரு தோழர் எழுந்தார். பிள்ளைகளைப் பற்றி ஒரு கேள்வியும் அவரிடம் இல்லை. புத்தகம் ஒன்றை எடுத்து முதல் தாளைத் திருப்பிக் காட்டினார்.

"இங்க பாருங்க தோழர், கனடா கலை மன்றத்தின் நிதியுதவியோட வெளியானதுன்னு போட்டிருக்கு. அரசாங்கத்துக்கிட்ட கை நீட்டி வாங்குன காசுல அரசாங்கத்தை எதுத்து எழுதுறதா? இது எதிர்ப்பு இலக்கியமா, மானிய இலக்கியமா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் மாதம் பிறந்தால் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்கள்.

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்குப் பதில். அந்தக் காசு யாருடைய காசு, அதை யார் யாரிடம் கேட்கிறார்கள், யார் கையால் அது பிரிக்கப்பட வேண்டும் என்ற மூன்றையும் பேசாமல் 'மானிய இலக்கியம்' என்று நக்கலடிப்பது, கொள்ளை போன வீட்டுக்காரனைப் பார்த்து "உனக்கு ஏம்ப்பா இவ்வளவு காசாசை" என்று கேட்பதற்குச் சமம்.

*

முதலில் கணக்கிலிருந்து தொடங்குவோம். ஏனென்றால் அந்தப் பள்ளிகளே ஒரு கணக்கில்தான் நடந்தன.

1880களிலிருந்து 1990களின் பின்பாதி வரை, நூறாண்டுக்கு மேலாக, சுமார் 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் இந்தப் பள்ளிகளுக்குள் தள்ளப்பட்டார்கள். பணம் அரசாங்கத்துடையது. நிர்வாகம் கிறித்தவ சபைகளுடையது. கத்தோலிக்கம், ஆங்கிலிக்கம் என்று பல சபைகளுக்கு அதில் பங்கு உண்டு. 1892 முதல் சபைகளுக்கு அரசு கொடுத்த பணம் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. மாட்டுச் சந்தையில் பேசுகிற மாதிரி. தலை குறைந்தால் காசு குறையும். அதனால் காசநோய் பிடித்த பிள்ளையையும் கணக்குக் காட்டுவதற்காகச் சேர்த்தார்கள். நல்ல பிள்ளைக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார்கள்.

1907இல் இந்திய விவகாரத் துறையின் தலைமை மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் இந்தப் பள்ளிகளைச் சோதித்தார். 15 பள்ளிகளில் சேர்ந்திருந்த 1,537 பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் செத்துப் போயிருந்ததை எழுதிக் கொடுத்தார். அவர் கேட்ட சீர்திருத்தங்களை அரசாங்கம் ஓரமாகத் தள்ளியது. ஆளையும் வீட்டுக்கு அனுப்பியது. வேலை போன பிறகு, 1922இல், 'ஒரு தேசியக் குற்றத்தின் கதை' என்று சின்னதாக ஒரு நூல் வெளியிட்டார். உறைவிடப் பள்ளிகளைப் பற்றி உண்மை சொன்ன ஆரம்பகாலப் புத்தகங்களில் ஒன்று அது. அந்த உண்மைக்காக அரசாங்கம் அவருக்குக் கொடுத்தது கட்டாய ஓய்வு.

அதே துறையில் இன்னொருவர் இருந்தார். டங்கன் கேம்ப்பெல் ஸ்காட். குமாஸ்தாவாகச் சேர்ந்து, கணக்கதிகாரியாகி, 1913 முதல் 1932 வரை துறையின் உச்சியில் உட்கார்ந்தவர். பூர்வகுடிப் பிள்ளைகள் பள்ளிக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று 1920இல் சட்டத்தைத் திருத்தியது அவர் காலத்தில்தான். தனி இனமாக ஒருவர்கூட மிச்சமில்லாமல் கரைந்து, இந்தியர் பிரச்சினை என்ற ஒன்றே இல்லாமல் போகும்வரை விடப்போவதில்லை என்று நாடாளுமன்றக் குழு முன்னாலேயே சொன்னவர். இந்த மனிதர் கனடாவின் பெரிய கவிஞர்களில் ஒருவர். ராயல் சொசைட்டிக்குத் தலைவராக இருந்தவர். அழிந்துகொண்டிருக்கும் 'இந்தியர்'களைப் பற்றி உருகி உருகிக் கவிதை எழுதியவர். காலையில் கோப்பில் கையெழுத்து, மாலையில் ஒப்பாரி!

ஆக, தோழரே, கனடாவில் அரசாங்கக் காசில் சாப்பிட்டுக்கொண்டு பூர்வகுடிகளைப் பற்றி இலக்கியம் எழுதுவது புதுப் பழக்கமில்லை. அழித்தவன் எழுதும்போது அது கவிதை. அழிக்கப்பட்டவன் பிள்ளை எழுதினால் மட்டும் அது மானியமா?

*

இப்போது 'கை நீட்டுவது' பற்றி.

1927இலிருந்து 1951 வரை கனடாவின் இந்தியர் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. தங்கள் நிலத்துக்காகவும் உரிமைக்காகவும் வழக்கு நடத்த, அரசாங்க அனுமதி இல்லாமல் பணம் திரட்டுவது குற்றம். மறுபடி படியுங்கள். பணம் திரட்டுவதே குற்றம். தங்களுக்குள் உண்டியல் குலுக்கக்கூட உரிமை இல்லாமல் ஒரு தலைமுறை முழுக்க வைத்திருந்தார்கள். பசிபிக் கரை மக்கள் ஒன்றுகூடிக் கொடை கொடுத்து, பாட்டும் கூத்துமாகத் தங்கள் வரலாற்றைச் சொல்லிக்கொள்ளும் பாட்லாட்ச் விழாவுக்கும் 1885இலிருந்து 1951 வரை தடை. நிதியும் குற்றம், கலையும் குற்றம். இப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்குக் கலைக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதினால், அதில் பிச்சைக்காரத்தனம் எங்கே இருக்கிறது?

அந்த மன்றத்தின் கல்லாவுக்குள் என்ன இருக்கிறது என்றும் பார்த்துவிடலாம். கனடா கலை மன்றம் 1957இல் தொடங்கப்பட்டது. கில்லம், டன் என்ற இரண்டு கோடீசுவரர்கள் 1955இலும் 1956இலும் அடுத்தடுத்துச் செத்தார்கள். அவர்கள் சொத்துக்கு விழுந்த வாரிசு வரியிலிருந்துதான் மன்றத்துக்கு மூலதனம் வந்தது. கில்லம் காகித ஆலையிலும் மின்சாரத்திலும் பணம் குவித்தவர். டன் 1935இலிருந்து அல்கோமா எஃகு ஆலையைக் கையில் வைத்திருந்தவர். காகிதம் எந்தக் காட்டு மரம்? மின்சாரம் எந்த ஆற்றுத் தண்ணீர்? அல்கோமா ஆலை நிற்கும் சூ செயின்ட் மேரி நகரம் அனிஷினாபே மக்களின் பூமி. அதே ஊரில்தான் ஷிங்வாக் உறைவிடப் பள்ளியும் இருந்தது. ஒரே ஊர். ஒரு பக்கம் மண், இன்னொரு பக்கம் பிள்ளைகள். இரண்டும் எடுத்துக்கொள்ளப்பட்டன.

மன்றம் பிறந்த 1957ஐ ஒட்டித்தான் இந்தப் பள்ளிகளில் கூட்டமும் உச்சத்தில் இருந்தது. 1956-57 கல்வியாண்டில் 11,500 பிள்ளைகளுக்கு மேல் உள்ளே இருந்தார்கள். கனடாவுக்கென்று ஓர் உயர்ந்த இலக்கியம் வளர வேண்டும் என்று ஒட்டாவாவில் திட்டம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், தாய்மொழியில் ஒரு வார்த்தை பேசியதற்காகப் பிள்ளைகள் அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், இது கடன் வசூல். இதைக் கொடை என்று பேசுகிறவனிடம் முதலில் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

*

காசு இல்லாமலா எழுதாமல் இருந்தார்கள்? எழுதினார்கள். எப்படி எழுதினார்கள் என்பதைத்தான் நம் மாணவத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ராண்டி ஃபிரெட் என்பவர் வான்கூவர் தீவின் ட்செஷாட் மக்களைச் சேர்ந்தவர். அல்பர்னி உறைவிடப் பள்ளியில் இருந்தவர். அவருடைய அப்பாவும் அதே பள்ளிக்குப் போனவர். தாய்மொழி பேசியதற்காக அப்பாவின் நாக்கில் தையல் ஊசியைக் குத்தினார்கள் என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். ஊசி குத்தப்பட்ட அந்த நாக்கின் பிள்ளை 1980இல் தெய்ட்டஸ் புக்ஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். கனடாவில் பூர்வகுடிகள் நடத்திய முதல் பதிப்பகங்களில் ஒன்று. நம் ஊரில் சின்னப் பத்திரிகை நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பதிப்பகம் தொடங்குவது என்றால் என்ன என்று. அச்சகக் கடன், விற்காத கட்டுகள், வீட்டில் வசவு. அவர்களுக்குக் கூடுதலாக இன்னொன்று: படிக்கத் தெரிந்தவர்களில் பலருக்கு அந்தப் படிப்பைக் கற்றுக்கொடுத்ததே அந்தக் கொடும் பள்ளிதான். புத்தகம் என்ற பொருளைத் தொடுவதே சிலருக்கு உடம்பு நடுங்கும் விஷயம்.

1992இல் இசபெல் நாக்வுட் என்ற மிக்மாக் பெண், நோவா ஸ்கோஷியாவின் ஷுபெனகாடி பள்ளியைப் பற்றித் தன் அனுபவத்தையும் கூடப் படித்தவர்களின் சாட்சியத்தையும் சேர்த்துப் புத்தகமாகக் கொண்டுவந்தார். அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2008 ஜூன் 11இல். பதினாறு வருடம் முன்னாலேயே ஒரு கிழவி, சின்னப் பதிப்பகம் ஒன்றை நம்பி, ஒரு தேசத்தின் முகத்துக்கு நேரே உண்மையை வைத்துவிட்டார். உண்மை அறியும் ஆணையங்கள் எல்லாம் இப்படிப்பட்ட புத்தகங்களின் பின்னால் வந்தவை.

ஆகி மெராஸ்டியின் கதை இன்னும் கொடியது. சஸ்காச்சுவானின் வடக்கே பொறி வைத்து வேட்டையாடிப் பிழைத்த கிரீ இனத்து முதியவர். 2001இல் தன் பள்ளி வாழ்க்கையைக் கையால் எழுதி, டேவிட் கார்ப்பென்டர் என்ற வெள்ளை எழுத்தாளருக்குக் கடிதம் கடிதமாக அனுப்ப ஆரம்பித்தார். புத்தகம் வெளிவந்தது 2015இல். மெலிசான ஒரு புத்தகம், பதினான்கு வருடம்! இடையில் குடி, வீடில்லாமை, தெரு. எழுதியவருக்கு எண்பதுக்கு மேல் ஆகிவிட்டது. 2017இல் போய்ச் சேர்ந்தார்.

இந்தக் கிழவரிடம் மானிய விண்ணப்பத்தை நீட்டிப் பாருங்கள். நிரந்தர முகவரி? திட்டத்தின் கால அட்டவணை? உத்தேச வரவு செலவு? முன்பு வெளியான படைப்புகளின் பட்டியல்? பள்ளிக்கூடம் எதையெல்லாம் அவரிடமிருந்து பிடுங்கியதோ அதையெல்லாம்தான் விண்ணப்பம் கேட்கிறது. ஒருகாலத்தில் தலைக்கு இவ்வளவு என்று கேள்வி கேட்காமல் சபைகளுக்கு எண்ணிக் கொடுத்தவர்கள், இன்றைக்கு ஒரு கிழவரின் வாக்குமூலத்துக்குக் கணக்குக் கேட்கிறார்கள்.

*

அரசாங்கம் கொடுக்கவே இல்லையா? கொடுத்தது. எப்படிக் கொடுத்தது, எப்படி நிறுத்தியது என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

1998இல் 35 கோடி டாலர் கொடுத்துப் பூர்வகுடி நலமீட்பு அறக்கட்டளையை உருவாக்கினார்கள். ஊர் ஊராகக் காயம் ஆற்றும் வேலைகளுக்கு அது பணம் கொடுத்தது. ஆய்வுகளையும் கட்டுரைத் தொகுப்புகளையும் அச்சிட்டு விநியோகித்தது. 2008இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். 2010 பட்ஜெட்டில் அந்த அறக்கட்டளைக்குப் புதிதாக நிதி ஒதுக்கவில்லை. 2014இல் கதவு மூடப்பட்டது. மன்னிப்புக் கேட்ட வாய் ஈரம் காயவில்லை, கை பையை மூடிக்கொண்டது.

2015இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 94 கோரிக்கைகளை வைத்தது. 83ஆவது நேரடியாகக் கலை மன்றத்தைப் பார்த்துச் சொல்கிறது: பூர்வகுடிக் கலைஞர்களும் மற்றவர்களும் கூட்டாகச் செய்யும், நல்லிணக்கத்துக்கு உதவும் படைப்புகளுக்கு முன்னுரிமை நிதி கொடு. ஆணையத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. அதன் தலைவர் முர்ரே சின்க்ளேர் அனிஷினாபே இனத்தவர். 6,500 பேருக்கு மேல் வாய் திறந்து பேச அது இடம் கொடுத்தது. ஆனாலும் இந்த 83இன் இரண்டு சொற்கள் எனக்கு உறுத்துகின்றன. 'கூட்டாக', 'நல்லிணக்கம்'. கூட்டு என்றால் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவன் பெயர் முதலில் வரும். நல்லிணக்கம் என்றால் கடைசி அத்தியாயத்தில் கண்ணீரைத் துடைத்துவிட்டுக் கை குலுக்க வேண்டும். கை குலுக்க மனமில்லாத கிழவி என்ன செய்வாள்? அவள் புத்தகத்துக்கு எந்தத் தலைப்பின் கீழ் பணம் கேட்பது?

எனக்கு இது ஊகமல்ல. சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்துக் கூலிப் பெண்களின் வாக்குமூலங்களைத் தொகுத்து, ஓர் அறக்கட்டளையிடம் அச்சுச் செலவுக்குக் கேட்டோம். நல்ல மனிதர்கள், காபி கொடுத்தார்கள். "ரொம்ப நல்லா வந்திருக்கு. கோபத்தை மட்டும் கொஞ்சம் கொறச்சு, முடிவுல ஒரு நம்பிக்கை தர்ற மாதிரி பண்ணிக் கொடுங்க." பேச்சியம்மாக்கிழவியிடம் போய் இதைச் சொன்னேன். "நம்பிக்கைய நான் எங்கடா போயி வாங்கியாறது, அவுக கடையிலயே இருந்தா கொடுக்கச் சொல்லு" என்றாள். அந்த வரியையும் சேர்த்து, ஊரில் வசூல் பண்ணித்தான் அச்சடித்தோம்.

கனடாவின் பூர்வகுடி எழுத்தாளர்கள் இந்தக் கண்ணியை நம்மைவிட முன்னாலேயே பார்த்துவிட்டார்கள். அதனால் அவர்கள் போராட்டம் காசு கேட்பதோடு நிற்கவில்லை. காசைப் பிரிக்கும் மேசையில் யார் உட்காருவது என்பதைக் கேட்டார்கள். 2017இல் கலை மன்றம் 'படைத்தல், அறிதல், பகிர்தல்' என்று தனித் திட்டம் கொண்டுவந்தது. அதில் முதற்குடிகள், இனுவிட், மேட்டீ மக்கள்தான் விண்ணப்பிக்கலாம். மதிப்பிடுகிறவர்களும் அவர்களே. பூர்வகுடிக் கலைகளுக்கான நிதியை மும்மடங்கு ஆக்குவதாகவும் மன்றம் அறிவித்தது. தானாக விழுந்த கனி என்று நினைக்காதீர்கள். எங்கள் கதைகளைத் திருடாதே என்று லெனோர் கீஷிக்-டோபயஸ் 1990இலேயே பத்திரிகையில் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டார். கால் நூற்றாண்டுச் சண்டை அது.

*

"யாரும் யாரைப் பற்றியும் எழுதலாமே, இலக்கியத்துக்கு எல்லை உண்டா?" நமக்கும் பழக்கமான வசனம்தான். தலித் இலக்கியத்தைத் தலித்துகள்தான் எழுத வேண்டுமா என்று கேட்டவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

2017இல் கனடா எழுத்தாளர் சங்கத்தின் பத்திரிகை பூர்வகுடி எழுத்துக்கென்றே ஓர் இதழ் கொண்டுவந்தது. அந்த இதழிலேயே ஆசிரியர் தலையங்கம் எழுதினார்: அடுத்தவர் பண்பாட்டை எடுத்து எழுதுவதை ஊக்கப்படுத்த வேண்டும், அதற்கு ஒரு 'அபகரிப்புப் பரிசு'கூட வைக்கலாம். விருந்துக்குக் கூப்பிட்டு இலையில் துப்புகிற வேலை. எதிர்ப்புக் கிளம்பியது, ஆசிரியர் விலகினார். அதோடு முடியவில்லை. நாட்டின் பெரிய பத்திரிகைக்காரர்கள் சிலர் ஒரு நள்ளிரவில் ட்விட்டரில் கூடி, நான் இவ்வளவு தருகிறேன், நான் இவ்வளவு தருகிறேன் என்று அந்தப் பரிசுக்கு ஏலம் விட்டார்கள். ஒரு மெராஸ்டிக்குப் பதினான்கு வருடம் கிடைக்காத காசு, ஒரு கேலிக்கு ஓர் இரவில் சேருகிறது பாருங்கள்.

பதில் எப்படி வந்தது? வளரும் பூர்வகுடி எழுத்தாளர்களுக்கு விருது வைக்க 10,000 டாலர் வேண்டும் என்று மக்களிடம் உண்டியல் ஏந்தினார்கள். ஒரு லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. பூர்வகுடிக் குரல்கள் விருது அப்படிப் பிறந்தது. பணம் திரட்டுவதே குற்றம் என்ற சட்டம் போய் 66 வருடம் கழித்து அந்த மக்களின் எழுத்துக்காகக் குலுங்கிய உண்டியல் அது.

எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. 1966 அக்டோபரில் சானி வென்ஜாக் என்ற 12 வயதுப் பையன் கெனோராவுக்குப் பக்கத்துப் பள்ளியிலிருந்து தப்பி, 600 கிலோமீட்டர் தள்ளியிருந்த வீட்டுக்கு ரயில் தண்டவாளத்திலேயே நடந்து, குளிரில் செத்தான். 2016இல் புகழ்பெற்ற வெள்ளைப் பாடகர் கோர்ட் டவுனி அதைப் பாட்டாகவும் படக்கதையாகவும் கொண்டுவந்தபோது நாடே அழுதது. மூளைப் புற்றுநோயோடு, சாவை எதிரில் வைத்துக்கொண்டு, பையனின் குடும்பத்தோடு சேர்ந்து செய்த வேலை அது. அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் மிக்மாக் ரத்தமுள்ள வில்லி டன் 1970களின் தொடக்கத்திலேயே அந்தப் பையனைப் பாடிவிட்டார். அப்போது நாடு ஏன் அழவில்லை? பாட்டில் குறையா? கேட்கிற காதுக்கும் கொண்டுபோகிற காசுக்கும் நிறம் இருக்கிறது, அவ்வளவுதான். நிதி என்பது அந்த நிறத்தைக் கொஞ்சமாவது கழுவுகிற தண்ணீர்.

*

இதில் அவசரம் ஒன்று இருக்கிறது. நீதிமன்ற உடன்பாட்டின்படி, பள்ளிகளில் நடந்த பாலியல் கொடுமைக்கும் அடிஉதைக்கும் இழப்பீடு கேட்டு 38,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள், அவர்களில் பலர் மூடிய அறைக்குள் வாக்குமூலம் கொடுத்தார்கள். 2017இல் கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அந்த ஆவணங்கள் 15 ஆண்டு இருக்கும், கொடுத்தவர் பாதுகாக்கச் சொன்னால் ஒழிய அதன் பிறகு அழிக்கப்படும். கெடு 2027 செப்டம்பர் 19. ரகசியம் என்று நம்பிச் சொன்னவர்களின் மானத்தைக் காக்கும் தீர்ப்பு அது, அதை நான் மறுக்கவில்லை. சொல்லாமல் இருப்பதும் அவர்கள் உரிமை. ஆனால் சொல்ல ஆசைப்பட்டும் தெரியாமல், வழியில்லாமல், இடையிலேயே செத்துப்போனவர்களின் வார்த்தைகளும் சேர்ந்தே போகும். தன் பெயரைப் போட்டு, தன் மொழியில், தன் சம்மதத்தோடு ஒருவர் பேசக்கூடிய இடம் அப்போது புத்தகம்தான்.

எதிர்ப்பக்கத்தில் மறுப்பாளர்கள் தயாராக இருக்கிறார்கள். 2021 மே மாதம் காம்லூப்ஸ் பள்ளி வளாகத்தில் பெயரற்ற கல்லறைகளாக இருக்கலாம் என்று சுமார் 200 இடங்களை நிலத்தடி ராடார் காட்டியது. நாடு ஆரஞ்சுச் சட்டை போட்டு அழுதது. அழுகை அடங்கியதும் "தோண்டிக் காட்டு, எலும்பைக் காட்டு" என்று ஆரம்பித்துவிட்டார்கள். செத்த பிள்ளைகள் 4,100 பேருக்கு மேல் வின்னிபெக்கில் உள்ள தேசிய மையத்தின் பதிவேட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது போதாது. பிள்ளையைத் தொலைத்த தாயிடம் ரசீது கேட்கிற கூட்டம் எல்லா தேசத்திலும் உண்டு. நமக்கா தெரியாது?

டொரான்டோவில் இருக்கும் நம் தமிழ் எழுத்தாளர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் 1983க்குப் பிறகு ரத்தம் வழிய ஓடிப்போனவர்கள். உங்கள் துயரத்துக்கும் அந்த நாட்டின் கலை நிதியில் பங்கு உண்டு, கேளுங்கள், வாங்குங்கள். ஆனால் நீங்கள் நிற்கிற மண் வேறொருவர் இழந்த ஊர். உங்கள் இதழ்களில், கூட்டங்களில் அவர்கள் புத்தகங்களுக்கு இடம் கொடுங்கள், தமிழில் கொண்டுவாருங்கள். நடுவர் குழுவில் அவர்களுக்கான இடத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர்கள் பக்கம் கை தூக்குங்கள்.

கேட்க வேண்டியது பெரிய ரகசியமில்லை. எழுத முடியாதவர் வாயால் சொல்லும் விண்ணப்பத்தை ஏற்றுக்கொள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசும் நாட்களுக்கும், பேசியபின் தூங்க முடியாத இரவுகளில் துணை இருப்பவர்களுக்கும் கூலி கொடு. கிரீ, அனிஷினாபே, இனுக்டிடுட் மொழிகளில் அச்சிடக் கொடு, அந்த மொழிகளைத்தானே ஊசியால் குத்தினாய். அவர்கள் பதிப்பகங்களுக்கு வருடா வருடம் கொடு, அழுகை வரும் வருடத்தில் மட்டும் கொடுக்காதே. நல்லிணக்கம் வருமா வராதா என்று புத்தகத்தை முன்கூட்டிக் கேட்காதே.

கூட்டத்தில் கேட்ட தோழருக்கு: முதல் தாளில் இருந்த அந்த ஒரு வரியை நீங்கள் சரியாகத்தான் காட்டினீர்கள். அதைப் படித்த விதம்தான் தப்பு. அது நன்றிக் குறிப்பு மாதிரி அச்சாகியிருக்கிறது, உள்ளே இருப்பது ஒரு வரவுச் சீட்டு. நூற்றாண்டுக் கடனில் ஒரு தவணை வந்து சேர்ந்ததாக எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

பாக்கி நிறைய இருக்கிறது.